ஆடிப்பூரத் தாள்

தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே, ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் இரண்டு வரியை நீங்கள் படித்ததுண்டா? ‘தேனீக்கு ஐந்து கண்கள் உண்டு.’ ‘சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவை போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள்.’ ‘நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது.’ படித்திருக்க மாட்டீர்கள். காலையில் எழுந்து, கொட்டாவி விட்டபடி நேற்றைய தாளைக் கிழித்து, இன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தானே நாமெல்லாம். அந்த இரண்டு வரியை எழுதுகிறவள் நான்.

இருப்பது ராஜபாளையம். பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். நான் தினமும் காலை பஸ்ஸில் சிவகாசிக்குப் போய், காலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை திருத்திவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறேன். இந்தத் துணுக்கு எழுதுகிற வேலை தானாக வந்து தலையில் விழுந்தது. முன்பு எழுதியவர் வேலையை விட்டுப் போனார். “ஒனக்குத்தான் தமிழ் வருமேம்மா, அப்படியே நீயே எழுதிரு” என்றார் முதலாளி. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து. மொழி கொஞ்சம், சரித்திரம் கொஞ்சம், பொது அறிவு கொஞ்சம், உடம்புக்கு நல்லது கொஞ்சம். நூலகத்தில் உட்கார்ந்து தடித் தடிப் புத்தகமாகப் புரட்டி, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சரிபார்த்து எழுதுவேன். பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

யாரும் படிப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. என் வீட்டிலேயே படிப்பதில்லை.

“இன்னைக்கு நீ போட்டிருந்ததைப் படிச்சேன்டி” என்பார் வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

“என்ன போட்டிருந்தேன்? சொல்லுங்க பாப்போம்.”

“தெற்கே சூலம்னு போட்டிருந்த.”

“அது பஞ்சாங்கம்! நான் எழுதுறது அதுக்கு மேல இருக்கு!”

“அம்புட்டுப் பொடியா எழுதுனா எவன் கண்ணுக்குத் தெரியும்?”

அந்தப் பொடி எழுத்துதான் என் பெருமை. துணுக்குக்கு இடம் இரண்டே வரி. ஒரு சொல் கூடினால் மூன்றாம் வரிக்குப் போய்விடும், மூன்றாம் வரிக்கு இடம் கிடையாது. ஆகவே செதுக்குவேன். ‘ஆகும்’ வெட்டு, ‘என்பது’ வெட்டு, இரண்டு வினைக்கு ஒரே முடிவு போட்டு மிச்சம்பிடி. அப்படி ஒரு வரி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். கிறுக்குத்தனம்தான். வேறென்ன கிடைத்தது எனக்கு அந்த வேலையில்?

ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மடவார் வளாகத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“இந்த வருசம் ஆடிப்பூரம் என்னைக்கு வருதுன்னு பாரு. எங்க அக்கா தேருக்கு வாரேன்னு சொல்லியிருக்கா.”

சுவரில் ஒரு நகைக்கடை கொடுத்த காலண்டர். உள்ளே இருக்கிற தாள் எல்லாக் கடைக்கும் ஒன்றுதான், எங்கள் அச்சகத்தில் அடித்தது. மேலே ஒட்டியிருக்கிற அட்டைதான் கடைக்குக் கடை மாறும். நான் தாள்களைக் கட்டைவிரலால் மேலே தூக்கி ஆடிக்குப் போனேன். ஆண்டாள் பிறந்த நாள், தேரோட்டம். சிவப்பு எழுத்தில் பளிச்சென்று இருந்தது. கைப்பழக்கம், என் துணுக்கையும் படித்தேன்.

‘பாம்பு கடித்தால், கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டவும்.’

இன்னொரு முறை படித்தேன். 

நான் எழுதியது இதுதான்: ‘பாம்பு கடித்தால், கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டவும் பிளேடால் கீறவும் கூடாது.’ கட்டினால் ரத்தம் ஓடாமல் கை கால் அழுகிப்போகும். கட்டாதே, கீறாதே, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று எல்லா டாக்டரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். அதைச் சொல்லத்தான் எழுதினேன். மற்ற நாளென்றால் இரண்டு வரியும் வந்திருக்கும். ஆடிப்பூரத்தன்று சிவப்பு எழுத்துக்கு இடம் வேண்டும் என்று பக்கம் போடுகிற பெண் இரண்டாம் வரியை எடுத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் அவளே என்னிடம் வந்து கேட்டிருப்பாள். இது பாதியில் நிற்கவில்லையே! ‘கட்டவும்’ என்று நிறுத்தினால் தமிழில் அது முழு வாக்கியம். மரியாதையாக இடுகிற கட்டளை. ‘கட்டவும் கூடாது’ என்றால் அதே சொல் தடை. கடைசிச் சொல்லைப் பார்க்கும்வரை எது என்று தெரியாது. அந்தக் கடைசிச் சொல்தான் இல்லை. அவள் ஒரு முற்றுப்புள்ளியையும் வைத்து அழகாக முடித்திருந்தாள்.

ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியே கூடாது போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஒரே ஒரு கூடாதை மிச்சம்பிடித்தேன். என் சாமர்த்தியம் நாசமாய்ப் போக. அது மட்டுமா? அச்சுக்குப் போகுமுன் அந்தத் தாளைத் திருத்தி, ஓரத்தில் சுழித்துக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். சந்திப்பிழை இருக்கிறதா, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்திருக்கிறேன். ‘இறுக்கிக்’ என்பதில் க் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். இருந்தது. விட்டுவிட்டேன்.

“என்னைக்குட்டி வருது?” என்று மதினி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

நான் அந்தத் தாளைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன். அவள் அலறிய அலறலில் அண்ணன் வாசலிலிருந்து ஓடி வந்தான்.

“ஏட்டி, என்ன கிறுக்கா ஒனக்கு? வராத நாளைக் கிழிக்கிறவ! அதுவும் ஆண்டாள் பொறந்த நாளை!” என்றாள் மதினி.

எங்கள் பக்கம் அது ஒரு வழக்கம். முடிந்த நாளைத்தான் கிழிக்கலாம். வராத நாளின் தாளைக் கிழித்தால் வீட்டில் யாரோ அந்த நாளைப் பார்க்க மாட்டார்கள் என்பார்கள். படித்தவர்களும் கிழிக்க மாட்டார்கள். நானும் அதுவரை கிழித்ததில்லை. மதினிக்கு விவரத்தைச் சொன்னேன். அவள் தாளை வாங்கி ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

“சரியாத்தானே போட்டிருக்கு? பாம்பு கடிச்சாக் கட்டத்தானே செய்யணும்?”

“கட்டக் கூடாது மதினி.”

“காலண்டர்லயே போட்டிருக்குங்கேன்!”

பதினாறு வருஷமாக நான் எழுதியதில் அவள் படித்தது இந்த ஒன்றுதான். இதைத்தான் நம்பினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். கடைகளுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும், பேப்பரில் திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் தாளைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணம் கிடையாது.

“ஏம்மா, டிசம்பர்ல போன சரக்கு. எந்த வீட்டுல எந்தச் சுவத்துல தொங்குதுன்னு யாருக்குத் தெரியும்? கடைக்காரன்கிட்டப் போய், ஒம் பேரு போட்ட காலண்டர்ல தப்பு இருக்குன்னு சொன்னா அவன் அடுத்த வருசம் நம்ம வாசலுக்கு வருவானா? இந்த ரெண்டு வரிய எவன் படிக்கான்? நீயே சொல்லுவியே, ஒருத்தனும் படிக்க மாட்டேங்கான்னு. அதையே நெனச்சு மனசை ஆத்திக்கோ. அடுத்த வருசம் சரியாப் போட்டுருவோம்.”

அடுத்த வருஷம்! கடிபட்டவன் அதுவரை காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? கேட்டேவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குமேல் அங்கே பேச இடமில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்காக ஒன்று தோன்றியது. மற்ற நாள் தாளை யாரும் முன்கூட்டித் தூக்கிப் பார்ப்பதில்லை. ஆடிப்பூரத் தாளை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. கல்யாணமான பெண் வருவாளா, லீவு விழுமா, தேர் என்ன கிழமை என்று ஆனி பிறந்ததிலிருந்தே தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். வருஷத்தில் நூற்றுக்கணக்கான நாள் இருக்க, இந்த ஒன்றில் போய் விழுந்தேனே. இன்னொன்றும் தோன்றியது. நகைக்கடைக் காலண்டர் ஊருக்குள் தொங்கும். உரக்கடை கொடுத்த காலண்டரெல்லாம் எங்கே தொங்கும்? மலையடிவாரத்தில், தோப்பு வீடுகளில். பாம்பு அங்கேதான் இருக்கிறது.

கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஒன்று எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது, உள்ளே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

கிழிக்கத்தானே கூடாது, எழுதலாமே என்று ஒரு கறுப்புப் பேனா வாங்கினேன். வேலைக்கு லீவு போட்டேன். முதலில் எங்கள் தெரு. “ஆடிப்பூரம் என்னைக்குன்னு பாக்கணும்க்கா, எங்க வீட்டுக் காலண்டரை எலி கடிச்சிருச்சு” என்று ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து, தாளைத் தூக்கி, ‘கட்டவும்’ என்பதற்குக் கீழே ‘கூடாது’ என்று எழுதிவிட்டு வந்தேன். வரியின் கடைசியில் இடமில்லை, கீழேதான் எழுத முடிந்தது. நாலாவது வீடு தெலுங்கு பேசுகிறவர்களுடையது. அந்த வீட்டம்மா எனக்குப் பின்னாலேயே நின்று எட்டிப் பார்த்திருக்கிறார்.

“எந்துக்கும்மா கூடாது?” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “தேருக்குப் போகக் கூடாதா? எதும் தோஷமா?”

பார்த்தால், அவர் சொல்வது சரிதான். நான் எழுதிய ‘கூடாது’ நேராகச் சிவப்பு எழுத்துக்குத் தலையில் உட்கார்ந்திருந்தது. ‘கூடாது ஸ்ரீஆண்டாள் திருத்தேர்.’ விளக்கிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, ஃபிட்டர் வீட்டுக்காரி வீடு வீடாகப் போய்ச் சாமி நாளில் என்னவோ மந்திரம் எழுதி வைக்கிறாள் என்று பேச்சாகிவிட்டது. அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். அவள்மேலும் தப்பில்லை. நானாக இருந்தால் துடைப்பத்தை ஓங்கியிருப்பேன்.

மலையடிவாரத்துக்கு, அய்யனார் கோவில் போகிற ரோட்டில் ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, வேலி, கேட், நாய். ஒரு தோப்புக்கும் அடுத்த தோப்புக்கும் ஆட்டோவிலேயே கால் மணி நேரம். மூன்று வீட்டில் ஆளில்லை, பூட்டு. பூட்டின வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே சுவரில் காலண்டர் தொங்குகிறது, உரக்கடை பேர் தெரிகிறது. கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று சத்தம் போட்டு அழுதேன். என் ஜென்மத்தில் அப்படி அழுததில்லை. ஆட்டோக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, யார் இறந்துபோனது என்று கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலுக்குப் போனேன். எல்லோரும் என்னென்னவோ வேண்டிக்கொள்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, “தாயே, ஒருத்தரும் என்னைப் படிச்சிரக் கூடாது” என்று வேண்டினேன். பதினாறு வருஷம் யாராவது படிக்க மாட்டார்களா என்று ஏங்கினவள் கேட்டுக்கொண்டது அது.

வீட்டுக்காரர்தான் யோசனை சொன்னார்.

“எதுக்கு இப்படி நாயா அலையுத? போன்ல போடு. ஒரு நிமிசத்துல ஊர் பூராம் போயிரும்.”

சரிதானே என்று பட்டது. தாளைப் போட்டோ எடுத்தேன். அதன் கீழே எழுதினேன்: ‘இந்த ஆண்டுக் காலண்டரில் ஆடிப்பூரத்தன்று வந்துள்ள இந்தத் தகவல் தவறு. பாம்பு கடித்தால் கயிற்றால் கட்டவே கூடாது. காலை அசைக்காமல் வைத்து உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்.’ சொந்தக்காரர் குரூப், மில் குரூப், தெருப் பெண்கள் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப் எல்லாவற்றிலும் போட்டேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சோறு இறங்கியது.

நாலு நாள் போனது. காலையில் போனைத் திறக்கிறேன், என் மதினியின் அக்கா, தேருக்கு வருவதாகச் சொன்னாளே, அவள் அனுப்பியிருக்கிறாள். என் போட்டோ. அதே தாள். கீழே நான் எழுதியது இல்லை. அதற்குப் பதில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: ‘மிகவும் பயனுள்ள தகவல். ஒரு உயிரைக் காப்பாற்றும். அனைவருக்கும் பகிரவும்.’ கூடவே நாலு கும்பிடு.

போட்டோவை மட்டும் தனியே எடுத்து அனுப்பினால் கீழே எழுதியது சேர்ந்து வராது. எனக்கு அது தெரியாது. தேனீக்கு எத்தனை கண் என்று தெரியும், இது தெரியாது.

அந்தப் போட்டோ எனக்கே நாலைந்து பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. ஒவ்வொருவருக்கும், ‘தவறு, தவறு, அனுப்பாதீர்கள்’ என்று பதில் போட்டேன். ஒருவர், ‘காலண்டரில் ஆதாரத்துடன் உள்ளது, வீண் வதந்தி பரப்ப வேண்டாம்’ என்று என்னையே குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார். சுவரில் தொங்கிக்கொண்டு யாரும் படிக்காமல் கிடந்த வரியை நான்தான் இறக்கி ஊர் கையில் கொடுத்திருக்கிறேன். வாங்கிய பேனாவை அடுப்புக்குள் தூக்கிப் போட்டேன். பிளாஸ்டிக் நாற்றம் வீடு முழுக்க. வீட்டுக்காரர் சொன்ன யோசனை என்பதால் அவருக்கும் முகம் செத்துவிட்டது.

ஆடிப்பூரம் வந்தது. தேர் அன்றைக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தேன். ஊர் கொள்ளாத கூட்டம். எனக்குத் தேர் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாச் சுவரிலும் என் வரி முகத்தைக் காட்டிக்கொண்டு தொங்கியது. சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் கிழித்த தாளை மதினி கேட்டு வாங்கி வந்தாள், அவர்கள் வீட்டுத் தாளைத்தான் நான் முன்பே கிழித்துவிட்டேனே. ஆண்டாள் பேர் போட்டது என்று அதைக் கசக்காமல் மடித்துப் பூஜை அலமாரியில் வைத்தாள். எனக்கு அவளிடம் சண்டை போடவும் தெம்பில்லை. நாள் முடிந்தது, அது போதும் என்றிருந்தது. ஒரு கெட்ட செய்தியும் வரவில்லை. ஒரு வாரம் தினமும் பேப்பரில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பாம்பு என்று வருகிறதா எனத் தேடினேன். இல்லை. நான் பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

ஆவணி பாதியில் ஒரு நாள் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“என்கூட ஷிப்டு பாக்கவனோட தங்கச்சி மாப்பிள்ளை. அய்யனார் கோவில் ரோட்டுக்கு உள்ள தோப்புக்காவலுக்கு இருக்கான். பாம்பு கடிச்சிருச்சாம். மலையில மழைன்னால ஆத்துல தண்ணி. காலையில கடிச்சது, சாயங்காலம் வரைக்கும் ஆத்தைத் தாண்ட முடியலையாம்.”

“உசுரு?”

“உசுருக்கு ஒண்ணுமில்ல. மதுரையில வச்சுக் காலை எடுத்துட்டாக. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாகளாம்.”

“கட்டுனாகளா?”

அவர் தரையைப் பார்த்தார். எனக்கு அதுவே பதிலாக இருந்தது.

“போகாதட்டி” என்றார். “போயி என்ன செய்யப் போற?”

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கும் தெரியாது. வீட்டில் உட்கார முடியவில்லை. மறுநாள் நான் மட்டும் போனேன்.

தோப்புக்குள் ஓட்டுச் சாய்ப்பு இறக்கிய இரண்டு அறை. அவர் கட்டிலில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்பு வரைக்கும் போர்வை. வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மில்லில் அவர் மைத்துனரோடு வேலை பார்க்கிறவரின் வீட்டம்மா என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். அவர் மனைவி பாய் போட்டு உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவந்து வைத்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

“தேங்காய் பொறுக்கப் போனாகம்மா. மட்டைக் கூளத்துக்குள்ள கெடந்திருக்கு. கடிச்சிட்டு ஓடிருச்சு, இன்னதுன்னு பாக்க முடியல. எனக்கு உசுரே இல்ல. ஆத்துல தண்ணி, ஆளும் இல்ல. செத்த நேரம் என்ன செய்யன்னே தெரியல. பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. எங்க அண்ணன் போன்ல அனுப்பியிருந்தாக. நான் இவியளுக்கும் படிச்சுக் காட்டியிருந்தேன். இந்தா பாருங்க.”

போனை எடுத்து நீட்டினாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்த்தேன்.

“தேங்காநார்க் கயிறு கெடந்துச்சு. முழங்காலுக்குக் கீழ நானே இறுக்கிக் கட்டுனேன். இவிய வலி தாங்காம அவுத்துவிடு அவுத்துவிடுன்னு கத்துனாக. நான் விடுவேனா? ஒரு தடவை தளந்த மாதிரி இருந்துச்சு, கம்பைக் கொடுத்து முறுக்கி மறுபடியும் இறுக்கிட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலதான் அவுத்தாக. மதுரையில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாக தெரியுமா? ரத்தத்துல விஷமே இல்லன்னுட்டாக! துளிகூட ஏறலையாம். கட்டு அப்படி நின்னிருக்கு பாத்துக்கோங்க. காலு கறுத்துப் போச்சு, எடுத்துட்டாக. போகுது. ஆளு இருக்காகள்ல.”

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். கட்டை அவிழ்த்த பிறகும் ரத்தத்தில் விஷம் ஏறவில்லை என்றால், ஏறுவதற்கு விஷமே இருந்திருக்கவில்லை. கடித்தது சாரையோ, வேறு ஏதோ ஒன்றுமில்லாத பாம்போ. கழுவிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் மறுநாள் தேங்காய் பொறுக்கப் போயிருப்பார். அவர் காலைத் தின்றது பாம்பு இல்லை. டாக்டர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். இவள் அதை வேறாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த நினைப்பில்தான் இவள் சிரித்துக்கொண்டு காப்பி போடுகிறாள். அவிழ்த்துவிடு என்று புருஷன் கத்தக் கத்த, கம்பைக் கொடுத்து முறுக்கின கை இவளுடையது.

பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது, மறைத்துச் சொல்ல மாட்டேன். சொன்னால் இவளைக் கொன்ற மாதிரி. சொல்லாவிட்டால் இந்தத் தோப்பில் அடுத்தவனைக் கடிக்கும்போதும் இவள்தான் ஓடிப்போய்க் கட்டுவாள். போனைக் காட்டி இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாளோ. சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அதை எழுதினது நான்தான்” என்று ஆரம்பித்தேன்.

அவள் வாயைப் பிளந்தாள். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அய்யய்யோ, நீங்களா! இங்க பாருங்க, இங்க பாருங்கங்கேன், இவியதான் அதை எழுதுனவியளாம். நம்ம வீடு தேடி வந்திருக்காக. கும்புடுங்க!”

அவர் முழங்கையை ஊன்றி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் எழும்பி, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“கும்புடாதீங்க” என்றேன். “அய்யா, கும்புடாதீங்க. அதுல ஒரு வார்த்தை விழுந்துபோச்சு. நான் எழுதினது வேற. அச்சுல கடைசி வார்த்தை விழுந்துபோச்சு, நானும் பாக்காம விட்டுட்டேன். கட்டவும் கூடாது, கீறவும் கூடாதுன்னுதான் எழுதினேன். எம் மேலதான் தப்பு.”

அவளுக்கு அது ஏறவேயில்லை. “என்ன சொல்லுதீக? கட்டாட்டி விஷம் ஏறியிருக்குமே” என்று சிரித்தாள். என் கையை விடவில்லை.

அவருக்கு ஏறிவிட்டது. கும்பிட்ட கை பிரிந்து இரண்டு பக்கமும் கட்டிலில் இறங்கியது. என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார், ரொம்ப நேரம். கடைசியில் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

“கட்டக் கூடாதாம்மா?” என்றார்.

“கூடாது” என்றேன்.